அணுத்தடிப்புத் தாளில் இலத்திரன்: ஞாயிறு வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தரப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குறைகடத்தி அலகு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், பாடத்திட்டத்தில் இல்லாத ஒற்றை அடுக்குக் குறைகடத்திகளைப் பற்றி ஆர்வத்தில் பத்து நிமிடம் பேசிவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகள், கம்பஸ் போய்விட்ட அவர்களுடைய அண்ணாமார் அக்காமார், சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். வாட்சப்பில் தனித்தனியே எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆகவே இங்கே ஒன்றாகப் போடுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சேர், சிலிக்கனை மெல்லிசாச் சீவிக்கொண்டு போனால் கடைசியில இதுதானே வரும்? இதுக்கு ஏன் தனிப் பேர்?

வராது. சிலிக்கனில் ஒவ்வோர் அணுவும் நாலு பக்கமும் கைகோத்து நிற்கிறது. எங்கே வெட்டினாலும் கைகள் அறுந்து தொங்கும். அந்த அறுந்த கைகள் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்ளும், மேற்பரப்பு கெட்டுப்போகும். நாம் பேசும் பொருட்கள் வேறு குடும்பம். அவற்றில் ஓர் அடுக்குக்குள் பிணைப்பு பலமானது, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் மிகப் பலவீனமானது. கட்டி வைத்த ஏட்டிலிருந்து ஓர் ஓலையை உருவுவதுபோல ஓர் அடுக்கைத் தனியே எடுத்துவிடலாம். அறுந்த கை ஒன்றும் மிஞ்சாது.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை மொலிப்டினம் டைசல்பைட். நடுவில் மொலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். இந்த மூன்று தட்டும் சேர்ந்ததுதான் ‘ஓர் அடுக்கு’. தடிப்பு ஏறத்தாழ 0.65 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இப்படி ஒரு இலட்சம் அடுக்கு வைக்கலாம். மொலிப்டினத்துக்குப் பதில் தங்குதன், கந்தகத்துக்குப் பதில் செலனியம் என்று மாற்றினால் மற்றச் சகோதரங்கள் வருவார்கள்.

ரேப் ஒட்டி உரிச்சதுக்கா நோபல் பரிசு குடுத்தவை?

உரித்ததற்கு மட்டும் இல்லை. ஆனால் உரித்தது உண்மை. மான்செஸ்டரில் ஆந்திரே கெய்ம், கொன்ஸ்தாந்தின் நவசியோலவ் இருவரும் ஒட்டுநாடாவால், அதாவது ரேப்பால், காரீயத்தை (பென்சில் கரியான கிராபைற்றை) உரித்து உரித்து ஒற்றை அடுக்குக் காபனை, அதாவது கிரபீனைப் பெற்றார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை வந்தது 2004இல், பரிசு 2010இல். காரீயத்துக்கு நாங்கள் தூரம் போகவேண்டியதில்லை. போகலவிலும் ககட்டகாவிலும் சுரங்கம் இருக்கிறது. இலங்கையின் நாளக் காரீயம் தூய்மைக்குப் பேர்பெற்றது.

வகுப்பில் செய்து பார்த்தோம். காரீயத் துண்டொன்றின் மேல் ரேப்பை அழுத்தி எடுத்தால் கறுத்த பளபளப்பான அப்பல் ஒன்று வரும். ரேப்பை மடித்து ஒட்டிப் பிரித்தால் அது இரண்டாகும், இன்னும் ஒருமுறை பிரித்தால் நாலாகும். எட்டுப் பத்துத் தரம் போனதும் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அங்கங்கே ஊடுபார்க்கலாம். ‘இதுதான் கிரபீனா சேர்?’ என்று கேட்டார்கள். இல்லை, அப்போதும் அது நூற்றுக்கணக்கான அடுக்கு. உண்மையான ஒற்றை அடுக்கை வெறும் ரேப்பில் தேடுவது வீண்வேலை. ஏறத்தாழ 300 நனோமீற்றர் ஒட்சைட்டு படிந்த சிலிக்கன் தகட்டில் அதை ஒட்டினால், ஒளித் தலையீட்டினால் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே மெல்லிய நிற வேறுபாடாகத் தெரியும். அந்தத் தகடு இல்லாமல் 2004 இல்லை என்றே நான் சொல்வேன்.

கிரபீனுக்குச் சக்தி இடைவெளி கிடையாது. (இலத்திரன் இருக்கக்கூடிய கீழ்ப் பட்டைக்கும் மேல் பட்டைக்கும் நடுவே, அது இருக்கமுடியாத சக்திப் பகுதிதான் சக்தி இடைவெளி.) அதில் செய்த திரான்சிஸ்டரைச் சரியாக அணைக்க முடியாது. அதனால்தான் எல்லோரும் மொலிப்டினம் டைசல்பைட்டின் பக்கம் திரும்பினார்கள்.

ஒரு அடுக்கா எடுத்தாலும் அதே சாமான்தானே? அளவு குறைஞ்சதுக்குக் குணம் ஏன் மாறவேணும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கட்டியான மொலிப்டினம் டைசல்பைட்டின் சக்தி இடைவெளி ஏறத்தாழ 1.3 இலத்திரன்வோல்ற்று. ஆனால் அது நேரற்ற இடைவெளி. மேல் பட்டையின் அடியும் கீழ்ப் பட்டையின் உச்சியும் வெவ்வேறு உந்தங்களில் இருக்கின்றன. இலத்திரன் கீழே விழும்போது உந்தக் கணக்கைச் சரிசெய்ய அணிக்கோவையின் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கின்) அதிர்வு ஒன்றும் கைகொடுக்கவேண்டும். அது அபூர்வம், அதனால் ஒளி மிகக் குறைவு. ஒற்றை அடுக்கில் இரண்டும் ஒரே உந்தத்துக்கு வந்துவிடுகின்றன. இடைவெளியும் கூடுகிறது, ஒளி வெளிவருவது 1.8, 1.9 இலத்திரன்வோல்ற்றுப் பக்கம், அதாவது சிவப்பில். இரண்டு ஆய்வுக்குழுக்கள் 2010இல் இதைத் தனித்தனியே காட்டின.

காரணம் இதுதான். கட்டியில் கீழ்ப் பட்டையின் உச்சியில் இருக்கும் நிலை, கந்தக அணுக்கள் வழியாக அயல் அடுக்குகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒளி வருகிற அந்த மற்ற உந்தத்தில் உள்ள நிலைகளோ பெரும்பாலும் நடுத்தட்டு மொலிப்டினத்தில் குடியிருப்பவை. வேலியோரத்துக் கந்தகத்துக்கு அயல்வீட்டுச் சேதி தெரியும், உள்வீட்டு மொலிப்டினத்துக்குத் தெரியாது. அயலை எடுத்துவிட்டால் கந்தகத்தை நம்பிய நிலை மட்டும் கீழே இறங்கும். உச்சி இடம் மாறும். இந்த ‘அயல்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

சிதறல் எண்டால் இலத்திரன் போய் அணுவில மோதுறதுதானே?

ஓடும் இலத்திரன் தன் வழியிலிருந்து திருப்பப்படுவதுதான் சிதறல். பாடப்புத்தகப் படம் அதை மோதலாகத்தான் காட்டும். ஆனால் ஒழுங்காக அடுக்கிய அணுக்களில் இலத்திரன் மோதுவதே இல்லை. பீலிக்ஸ் புளொக் 1928இல் காட்டியது அதைத்தான். இலத்திரன் ஓர் அலை. சம இடைவெளியில் நிற்கும் தடைகளுக்குள் அந்த அலை தன்னைப் பொருத்திக்கொண்டு சிதறாமல் போய்விடும்.

கோண்டாவில் பக்கம் தண்டவாளத்தில் நடந்திருக்கிறீர்களா? (நடக்கக்கூடாது, அது வேறு கதை.) சிலிப்பர்கள் சம இடைவெளியில் கிடந்தால் கால் தானாகவே அந்த அடியைப் பிடித்துக்கொள்ளும். பத்தடி போனபிறகு சிலிப்பரைப் பார்க்கவே தேவையில்லை. ஒன்று இல்லாமல் இருந்தால், அல்லது அரையடி தள்ளிக் கிடந்தால்தான் தடக்கும். இலத்திரனைத் தடக்குவதும் அந்த ஒழுங்குக் குலைவுதான், அணு அல்ல.

அப்ப என்னத்திலதான் தடக்குது?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒழுங்கையால் சயிக்கிளில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகைத் தொல்லை. ஒன்று, கிடங்குகள்: பகலோ இரவோ அதே இடத்தில் கிடக்கும். மற்றது, ஆட்கள்: நேரத்தைப் பொறுத்துக் கூடுவார்கள், குறைவார்கள், அசைந்துகொண்டே இருப்பார்கள். தாளிலும் அப்படித்தான். கிடங்கு என்பது நிலையான குறைபாடு. ஆட்கள் என்பது அணிக்கோவையின் வெப்ப அதிர்வு, அதாவது போனன்.

கிடங்குகளில் முக்கியமானது கந்தகம் இல்லாத வெற்றிடம். ரேப்பால் உரித்த மாதிரிகளில் சதுர சென்ரிமீற்றருக்கு 10 இலட்சம் கோடி என்ற அளவில் இவை காணப்பட்டிருக்கின்றன. கேட்கப் பெரிய எண். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 200 கந்தக இடங்களுக்கு ஒன்று காலி. அடுத்தடுத்த வெற்றிடங்களுக்கு இடையே சராசரி 3 நனோமீற்றர். இலத்திரனுக்கு இது குண்டும் குழியுமான தெருத்தான்.

பிறகு, தாளுக்கு வெளியே இருந்து வரும் தொல்லை. இதுதான் மற்றப் பொருட்களிலிருந்து இதைப் பிரிப்பது. தாள் கிடக்கிற ஒட்சைட்டுக்குள் சிக்கிய ஓர் ஏற்றம் தாளைத் தொடாமலே தன் மின்புலத்தால் இலத்திரனைத் திருப்பிவிடும். வேலிக்கு அப்பால் கட்டியிருக்கிற நாய் குரைத்தாலே கைபிடி ஆடுமே, அதுபோல. ஒட்சைட்டின் சொந்த அதிர்வுகளும் அவ்வாறே தூரத்திலிருந்து தாக்கும். மேலே படிந்த நீராவி, ரேப்பின் பசை, தாளின் சுருக்கம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஒவ்வொரு காரணத்தாலும் ஒரு செக்கனுக்கு எத்தனை சிதறல் என்று எடுத்துக் கூட்டினால் மொத்தம் வரும். அண்ணளவான விதிதான், ஆனால் யார் பெரிய குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும்.

சரி, ஒருக்கா சிதறினாப் பிறகு அடுத்த சிதறல் வரைக்கும் எவ்வளவு தூரம் போகும்?

இதற்கு நகர்திறன் என்ற அளவு வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற்று என்ற மின்புலத்தில் இலத்திரன் செக்கனுக்கு எத்தனை சென்ரிமீற்றர் நகர்கிறது என்பதுதான் அது. கட்டிச் சிலிக்கனில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1,400. ஒட்சைட்டின் மேல் கிடக்கும் ஒற்றை அடுக்கு மொலிப்டினம் டைசல்பைட்டில் சில பத்துகள்தான். 50 என்று வைப்போம்.

அந்த 50ஐ இலத்திரனின் விளைவுறு திணிவோடு (சுயாதீன இலத்திரனுடையதில் ஏறத்தாழப் பாதி) பெருக்கி ஏற்றத்தால் வகுத்தால் இரு சிதறல்களுக்கு இடைப்பட்ட நேரம் வரும்: ஏறத்தாழ 14 பெம்ரோ செக்கன். ஒரு செக்கனைக் கோடியால் வகுத்து, வந்ததைத் திரும்பவும் கோடியால் வகுத்தால் கிடைப்பது பத்துப் பெம்ரோ செக்கன். வெப்ப வேகம் செக்கனுக்கு 135 கிலோமீற்றர் அளவு. பெருக்கினால் 2 நனோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆறு அணு தாண்டுவதற்குள் ஒரு சிதறல்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். அதே இலத்திரனின் அலைநீளத்தைக் கணித்தால் 10 நனோமீற்றருக்கு மேல் வருகிறது. ஒரு முழு அலை விரியுமுன் ஐந்து தரம் சிதறுவது எப்படி? உண்மையில் முடியாது. பந்து ஓடுகிறது, மோதுகிறது, திரும்ப ஓடுகிறது என்ற கதை இந்த இடத்தில் கிழிந்துவிடுகிறது. 2 நனோமீற்றர் என்பதைத் தூரமாக எடுக்காமல், ‘ஒழுங்கு மிகக் கெட்டுப்போயிருக்கிறது’ என்ற எச்சரிக்கையாக எடுங்கள்.

மெல்லிசு எண்டால் மோதுறதுக்கு ஆக்கள் குறையவேணும். சிலிக்கனை விட இவ்வளவு மோசமா ஏன் வருது?

கட்டிக்குள் ஓடும் இலத்திரனுக்கு ‘உள்ளே’ என்று ஓர் இடம் இருக்கிறது. இந்தத் தாளில் அது இல்லை. மேற்பரப்புத்தான் பொருள். இன்னொன்று: கட்டியில் ஓர் ஏற்றத்தின் மின்புலத்தைச் சுற்றியுள்ள பொருள் மறைத்து அடக்கிவிடும். தாளில் மின்கோடுகள் மேலும் கீழும் வெளியே ஓடிவிடுகின்றன. மறைப்பு குறைவு, ஆகவே முன்னே சொன்ன நாயின் குரைப்பு முழுச் சத்தத்தோடு கேட்கும்.

அப்படியென்றால் மருந்து அயலை மாற்றுவதுதான். அறுகோண போரன் நைத்திரைட்டு என்ற அடுக்குக் காவலியை மேலும் கீழும் வைத்து சான்விச் மாதிரி மூடுகிறார்கள். அது தட்டையானது, சுத்தமானது, அறுந்த கைகள் இல்லாதது. உலகத்து ஆய்வுகூடங்களில் பெரும்பகுதி இந்தப் பளிங்கை ஜப்பானில் வத்தனாபே, தனிகுச்சி என்ற இருவரிடமிருந்து பெற்றது. அந்த இரண்டு பெயரும் எத்தனை கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் இருக்கின்றன என்று பார்த்தால் தலை சுற்றும். இப்படி மூடிய மாதிரிகளைக் குளிர்வித்து 2015இல் அளந்தபோது ஒற்றை அடுக்கில் நகர்திறன் ஏறத்தாழ 1,000, ஆறு அடுக்கில் 34,000. ஆறில் ஏன் இவ்வளவு கூட? நடு அடுக்குகளுக்கு ஒரு சின்ன ‘உள்ளே’ கிடைத்துவிடுகிறது.

சிலிக்கனோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிலிக்கனையும் சில நனோமீற்றருக்கு மெலிய வைத்தால் மேற்பரப்புக் கரடுமுரட்டால் அதன் 1,400உம் படுத்துவிடும். அந்தத் தடிப்பில்தான் போட்டியே தொடங்குகிறது.

2011இல 200 எண்டு அளந்தவை எண்டு வாசிச்சன். நீங்கள் 50 எண்டுறீங்கள். ஆர் பிழை?

சுவிற்சர்லாந்தில் லோசான் ஆய்வுக்குழு 2011இல் ஒற்றை அடுக்கில் செய்த திரான்சிஸ்டர் பெரிய செய்தி. எரியும் நிலைக்கும் அணைந்த நிலைக்கும் இடையே மின்னோட்டம் 10 கோடி மடங்கு மாறியது. அது நிற்கிறது. நகர்திறன் 200 என்பதில்தான் சிக்கல். மேலேயும் கீழேயும் இரண்டு கேற், அதாவது தாளில் இலத்திரனைக் கூட்டிக் குறைக்கும் மின்வாய். கீழ் கேற்றால் அளக்கும்போது மேல் கேற் அதனோடு கொள்ளளவத்தால் இணைந்து, எவ்வளவு இலத்திரன் சேர்ந்தது என்ற கணக்கைக் குழப்பிவிடும். இலத்திரனைக் குறைத்து மதிப்பிட்டால் நகர்திறன் கூட வரும். 2013இல் வேறு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். இலத்திரன் எண்ணிக்கையை ஊகிக்காமல், காந்தப்புலம் வைத்து ஹோல் (Hall) விளைவால் அளக்கவேண்டும் என்ற பழக்கம் அதற்குப்பிறகு உறுதியானது.

நகர்திறன் என்று எண்ணைப் பார்த்தால் எந்த வெப்பநிலை, எத்தனை அடுக்கு, எந்த அயல், எப்படி அளந்தது என்று நாலையும் கேளுங்கள்.

குளிர வைச்சால் எல்லாம் சரியாகுமோ?

பாதி. ஒழுங்கைக் கதைக்குப் போங்கள்: சாமத்தில் ஆட்கள் இல்லை, கிடங்கு இருக்கும். 4.2 கெல்வின் திரவ ஹீலியத்தில் போனன் அடங்கிவிடும். மிஞ்சுவது குறைபாடுகளின் சிதறல். நல்ல மாதிரியா கூடாத மாதிரியா என்று அங்கேதான் வெளிக்கும்.

நல்லதாக இருந்தால்தான் குவாண்டம் நடத்தை கண்ணுக்குத் தெரியும். காந்தப்புலத்தில் இலத்திரன் வட்டமாகச் சுழலும். சிதறுமுன் வட்டத்தின் ஒரு நல்ல பகுதியையாவது சுற்றினால், அந்த அலை தன்னோடு தானே சந்தித்து, குறித்த சக்திகள் மட்டும் நிலைக்கும். புலத்தைக் கூட்டும்போது தடை அலையலையாக ஏறி இறங்கும். நகர்திறன் 10,000 என்றால் இதற்கு 1 ரெஸ்லா அளவு போதும். 50 என்றால் 200 ரெஸ்லா வேண்டும். ஆய்வுகூடத்தில் நிலையாக அப்படியொரு காந்தம் கிடையாது. குவாண்டம் விதிகள் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் சிதறல் மூடி மறைத்துவிடுகிறது.

எக்சிற்றன் எண்டது புதுத் துணிக்கையா?

இல்லை. ஒளி பட்டு மேலே போன இலத்திரனும் கீழே விட்டுப்போன துளையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஐதரசன் அணுபோலச் சுற்றுவது. கலியம் ஆசனைட்டில் அந்தக் கட்டு சில மில்லி இலத்திரன்வோல்ற்றுத்தான். அறை வெப்பத்தின் 26 மில்லி இலத்திரன்வோல்ற்று அதை உடைத்துவிடும். இந்தத் தாள்களில் சில நூறு. ஆகவே சாதாரண அறையிலேயே உயிரோடு இருக்கும். ஏன் இவ்வளவு பலம் என்றால், மறைப்பு குறைவு என்று முன்னே சொன்னேனே, அதே காரணம். அழுக்கு ஏற்றத்துக்குப் பலம் கொடுத்த அதே குறை எக்சிற்றனுக்கு நன்மையாகிறது.

‘பள்ளத்தாக்கு’ எண்டு எழுதியிருக்கு. மூண்டு அணுத் தடிப்புத் தாளில எங்க சேர் பள்ளத்தாக்கு?

தாளில் இல்லை, உந்த வரைபடத்தில். சக்தியை உந்தத்துக்கு எதிரே வரைந்தால் அந்த வரைபடத்தின் அறுகோண எல்லையின் மூலைகளில் பள்ளங்கள் தெரியும். ஆறு மூலை இருந்தாலும் ஒன்றுவிட்ட மூலைகள் ஒன்றேதான். ஆக வேறுபட்டவை இரண்டு. ஒரு சுழற்சியுள்ள வட்ட முனைவாக்க ஒளி ஒரு பள்ளத்திலும், எதிர்ச் சுழற்சி மற்றதிலும் இலத்திரனை நிரப்பும். 2012இல் பரிசோதனையில் காட்டினார்கள்.

சிதறலோடு இதற்கு என்ன தொடர்பு? ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்குத் தாவப் பெரிய உந்தம் வேண்டும். அதைக் கொடுக்கக்கூடியவை அணு அளவிலான குறைபாடுகளும் பெரிய உந்தமுள்ள போனன்களும். தூரத்து ஏற்றத்தின் மென்மையான புலத்தால் அது முடியாது. துளைகளுக்கு இன்னுமொரு பூட்டு: இரண்டு பள்ளங்களிலும் கீழ்ப் பட்டையின் உச்சி நிலைகளின் தற்சுழற்சி (ஸ்பின்) எதிரெதிர், பட்டையும் பிளந்து நிற்கிறது. மொலிப்டினம் டைசல்பைட்டில் அந்தப் பிளவு 150 மில்லி இலத்திரன்வோல்ற்று அளவு, தங்குதன் செலனைட்டில் 450 அளவு. தாவவேண்டுமென்றால் உந்தமும் மாறவேண்டும், தற்சுழற்சியும் புரளவேண்டும்.

இனிச் சிலிக்கன் போய் இதுதான் வருமோ?

இப்போதைக்கு இல்லை. தாளுக்குள் நடக்கும் சிதறலை விட, உலோகக் கம்பி தாளைத் தொடும் இடத்தில் உள்ள தடை பல காலம் பெரிய தலையிடியாக இருந்தது. 2021இல் பிஸ்மத் தொடுப்பால் அது வெகுவாகக் குறைந்தது. பெரிய தகடு முழுக்க ஒரே தரத்தில் வளர்ப்பது மிச்ச வேலை.

தம்பி, நான் விக்கிற மொலி கிறீஸிலயும் இதுதான் இருக்கெண்டு சொன்னீர். ஒரு ரின் தாறன், உதில இருந்து எடுக்கேலாதோ?

ஹாட்வெயார் அண்ணையின் கேள்வி. பொருள் அதேதான் அண்ணை. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது கிறீஸுக்கு உதவுகிறது; ரேப்பால் உரிவதும் அதனால்தான். ஆனால் ரின்னில் இருப்பது எண்ணெயில் குழைத்த நுண்தூள். உரிக்க வேண்டுமென்றால் சில மில்லிமீற்றராவது அகலமான ஒற்றைப் பளிங்கு வேண்டும். தூளின் ஓரங்களும் எண்ணெயும் சேர்ந்தால் மேலே சொன்ன கிடங்கு, நாய், சுருக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ரின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. என் சயிக்கிள் செயினுக்குப் பாவிக்கிறேன்.